றாபியா ராத்தா கேட்ட ஒழுங்கை

தையல் கடையில் அபாயாவுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சபை இலிகிதர் பேசினார். "மெம்பர், றாபியா ராத்தா மௌத்தாகிட்டாவாம். சுபஹு தொழுதுட்டுப் படுத்தவவாம், எழும்பல்லியாம்." இன்னா லில்லாஹி என்று வாய் சொன்னது. தையல்காரி நாடாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். "கையைக் கொஞ்சம் நீளமா வைங்க" என்றேன். அதைச் சொன்னது நான்தான். இன்றைக்கு ஒன்பது நாளாகிறது. இன்னும் எனக்கு அழுகை வரவில்லை.

உங்களில் பலருக்கு அவர் பிரசவம் பார்த்த மிஸ்ஸி. ஓய்வுபெற்ற பிறகு தேர்தலில் நின்று பிரதேச சபைக்கு வந்தார். நானும் மெம்பர், வேறு கட்சி. ஆனாலும் பெண்கள் என்பதால் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை போட்டிருந்தார்கள்.

முதல் மாதங்களில் ஒருநாள், வெள்ளம் வடியாத தெருக்களைப் பற்றிய கூட்டம். அந்தத் தெருச் சனம் கேட்க வந்திருந்தது. இடமில்லை என்று காவலாளி கதவைச் சாத்திவிட்டார். ராத்தாவின் முறை வந்தது. எழுந்தார், பேசவில்லை.

"கதைங்க மெம்பர்" என்றார் தவிசாளர்.

"கதவத் திறங்க, கதைக்கிறன்."

"உள்ளுக்கு இடமில்லயே."

"என்ட கதிரை இரிக்கி. நான் நிண்டு கதைப்பன்."

கதவு திறந்தது. மீன் விற்கும் ஒரு பெண் அவர் கதிரையில் உட்கார்ந்தாள். கூட்டம் முடியும்வரை ராத்தா என் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

அதன் பிறகுதான் ஒழுங்கைப் பிரச்சினை வந்தது. கடலுக்குப் போகும் ஒடுங்கிய தெருவான அந்த ஒழுங்கையை மறித்து, விடுதி கட்டிய ஒருவர் மதில் எழுப்பிவிட்டார். வலையையும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு மீனவர்கள் ஊரைச் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. மதில் கட்டியவர் ராத்தாவின் கூடப்பிறந்த தம்பி.

பிரச்சினையைச் சபைக்குக் கொண்டுவருமுன் ராத்தா தம்பி வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். "நீங்க என்ட ராத்தாவா, அவங்கட மெம்பரா?" என்று தம்பி கேட்டாராம். "ரெண்டும்தான். அதாலதான் முதல்ல உன்னட்ட வந்த" என்று சொல்லிவிட்டு வந்ததாக, ஓட்டோவில் போகும்போது என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மதிலை அகற்றும் பிரேரணைக்கு ஆதரவாகக் கை தூக்குவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கூட்டத்தன்று காலையில் கட்சியிலிருந்து அழைப்பு வந்தது. வாக்கெடுப்பின்போது நான் மேசையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மடியிலேயே கிடந்தது. பிரேரணை ஒரு வாக்கால் தோற்றது.

வெளியே படியிறங்கும்போது என் கையைப் பிடித்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்குக் கோவமில்ல புள்ள. வா, ஒழுங்கைக்குப் போவம். ஏன் கை தூக்கல்லெண்டு அந்தச் சனத்துக்கிட்ட நீயே சொல்லு."

"எனக்கு ஏலாது ராத்தா."

"வோட்டுக் கேட்டுப் போக ஏலுமாயிருந்திச்சே?"

போனேன். மதிலடியில் நின்றவர்களிடம், கட்சி வேண்டாம் என்றது, நான் பயந்துவிட்டேன் என்று சொன்னேன். வயதான மீனவர் ஒருவர், "தோத்தத விட, நீங்க ஏன் தூக்கல்லெண்டு தெரியாததுதான் மனசுக்குள்ள கொதிச்சிட்டு இரிந்திச்சு" என்றார். ராத்தா என்னைத் தேற்றவில்லை. ஓட்டோ பிடித்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

பிறகொரு கூட்டத்தில் அதே பிரேரணையை மறுபடி கொண்டுவந்தார். இம்முறை நானும் கை தூக்கினேன். பிரேரணை நிறைவேறி மதில் உடைந்தது. அதன் பிறகு தம்பி அவருடன் பேசவில்லை. பெருநாளைக்குக்கூட வரவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "அவன்ட பக்கத்திலயும் ஒரு கதை இரிக்கும்" என்பார்.

ராத்தாவின் மையித்தைக் குளிப்பாட்ட என்னையும் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்றினேன். ஊற்று என்றபோது ஊற்றினேன், போதும் என்றபோது நிறுத்தினேன். வெளியே வந்தபோது முற்றத்தில் தம்பி நின்றார்.

"கடைசியா என்னப் பத்தி ஏதும் கதைச்சாவா?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. "இல்ல காக்கா. கடைசியா என்னட்ட ஒண்டும் கதைக்கல்ல. உங்களப் பத்திக் குறை சொன்னதுமில்ல" என்றேன். தலையை ஆட்டினார். பிறகு மையித்தை வைத்த சந்தூக்கின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு போனார்.

அவரை அறிந்த நீங்கள் துஆச் செய்யுங்கள். எனக்கு அதற்கும் வார்த்தை கூடிவரவில்லை. ராத்தாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரே ஒரு வழக்கம்தான். நேற்றைய கூட்டத்தில், வயலோரத் தெருவுக்கு விளக்குப் போடும் பிரேரணைக்கு நான் கை தூக்கவில்லை. வடிகான் வேலை முந்தட்டும் என்பது என் எண்ணம். கூட்டம் முடிந்ததும் நேரே அந்தத் தெருவுக்குப் போய் அதைச் சொன்னேன். ஒரு பெண் வாசலில் நின்று நன்றாக ஏசினாள். அவள் ஏசி முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.