சாமிக்கு விட்ட சேவல்

எங்கள் வீட்டில் போன வாரம் முழுக்க ஒரே பேச்சு. யுத்தத்தைப் பற்றியோ மண்ணெண்ணெய் கிடைக்காததைப் பற்றியோ அல்ல. தாசில்தாரின் கழுத்தை வெட்டுவார்களா, மாட்டார்களா என்பதுதான்!

பதற வேண்டாம். தாசில்தார் என்பது ஒரு சேவல்.

பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் நாங்கள் வாங்கிப் போட்டிருக்கும் சின்னத் தோட்டத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே புலம்பியிருக்கிறேன். ஒரு கிணறு, நாலைந்து மாமரம், மிச்சமெல்லாம் கோழி. லாபம் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான், மனைவி, ஆறு வயது மகள் செண்பகம் மூவரும் அஸ்தம்பட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவோம். பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓட்டுகிற கரி பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டே போய் இறங்குவோம்.

இப்போது பங்குனி. தோட்டத்து வாசல் முழுக்க வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிறது. மாமரத்தில் பிஞ்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தாய்க்கோழி, அதன் பின்னால் ஒரு கூட்டம் குஞ்சுகள். மேலே பருந்து வட்டமிட்டால் போதும், தாய் ஒரு குரல் கொடுக்கும், அத்தனையும் இறக்கைக்குள். கயிற்றுக் கட்டிலில் படுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நான் செய்கிற விவசாயம்.

நிஜ விவசாயம் கொழந்தாயியுடையது. தோட்டத்திலேயே குடியிருக்கிறாள். கோழிகளை அவளிடம் வாரத்துக்கு விட்டிருக்கிறோம் — பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி எங்களுக்கு. தாசில்தார் அவள் பங்கில் வந்தவர். செவலை நிறம். மார்பை நிமிர்த்திக்கொண்டு ஜமாபந்திக் கணக்குப் பார்க்க வந்தவர் மாதிரி நடப்பதைப் பார்த்து என் மனைவிதான் அந்தப் பெயரை வைத்தாள். செண்பகம் என்றால் அவருக்கு உயிர். அவள் கையில் தவிடு தின்பார், அவள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவார்.

பதினைந்து நாளுக்கு முன்னால் கொழந்தாயி தன் பங்குச் சேவல்களையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டாள். தாசில்தார் மட்டும் உலாத்திக்கொண்டிருந்தார்.

"இதை மட்டும் ஏன் விட்டுட்டே?" என்று கேட்டேன்.

"அது சாமிக்குங்க. சாமிக்குன்னே உட்டு வெச்சிருக்கறனுங்க. ஆரு கேட்டாலும் குடுக்க மாட்டனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டாகிவிட்டது. நோம்பி நெருங்குகிறது — இந்தப் பக்கத்தில் பண்டிகைக்கு அதுதான் பெயர். நோம்பி என்றால் சேவல் வெட்டு. நான் தஞ்சாவூர்க்காரன், மாற்றலாகி வந்தவன்தான்; ஆனால் இது கூடவா புரியாது?

மனைவியிடம் ரகசியமாகச் சொன்னேன். நம் வீட்டு ரகசியம் எவ்வளவு நேரம் தாங்கும்? கதவுக்குப் பின்னாலிருந்து செண்பகம் வந்தாள்.

"தாசில்தாரை வெட்டிடுவாங்களாப்பா?"

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கோழிக்குழம்பின் ருசி அறியாத குடும்பமல்ல எங்களுடையது. ஆனால் பெயர் வைத்துவிட்டால் கோழி கோழியாகவா இருக்கிறது?

"நீங்களே போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி. எப்படிக் கேட்பது? சேவல் கொழந்தாயியுடையது. அதிலும் சாமிக்கு நேர்ந்துவிட்டது. நாளைக்கு அவள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் பழி யார் தலையில்? ஒரு பக்கம் அம்மன், இன்னொரு பக்கம் பட்டினி கிடக்கும் மகள்... நடுவில் நான்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. சனிக்கிழமை சந்தையில் தாசில்தாரைவிடக் கனமாக ஒரு கறுப்புச் சேவல் வாங்கினேன். மறுநாள் மூவரும் கூடையோடு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அது பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டியைக் கொத்திக்கொண்டே வந்தது.

தோட்டத்தில் இறங்கியதும் செண்பகம் சேவலைத் தேடி ஓடிவிட்டாள். நான் கூடையை இறக்கினேன்.

"கொழந்தாயி, தப்பா நினைக்காதே. சாமிக்கு இதைக் கொடுத்துடலாம். தாசில்தாரை விட்டுடு."

அவள் கறுப்புச் சேவலைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்காக அத எதுக்குங்க உடோணும்? சாமிக்கு ரெண்டும் இருந்துட்டுப் போகுதுங்க."

ரெண்டுமா! ஒன்றைக் காப்பாற்ற வந்து இரண்டாவதையும் கத்தியில் கொடுத்துவிட்டேனே!

"வேண்டாம், வேண்டாம். ஒண்ணு போதும்."

"எனக்குத் தெரியலீங்க. சாமியவே ஒரு வார்த்த கேட்டுப்போடலாமுங்க."

சாமியைக் கேட்பதென்றால் அம்மன் சன்னிதியில் பூப்போட்டு உத்தரவு பார்ப்பார்கள். அங்கே தாசில்தார்தான் வேண்டும் என்று வந்துவிட்டால்? அப்பீலுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கொழந்தாயி கோயில் பக்கம் திரும்பவில்லை. மாமரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏஞ் சாமி! இங்க வா கண்ணு! அப்பா இன்னொரு சேவல் கொண்டாந்திருக்காரு. உனக்கு எது வேணும்னு வந்து சொல்லு!"

செண்பகம் ஓடி வந்தாள். பின்னால் தாசில்தார்.

"சாமின்னா... இவளா?"

"பின்ன ஆருங்க? புள்ளைகள நாங்க அப்படித்தானுங்க கூப்புடுவோம். அது சாமி கையில தவுடு தின்னு வளந்ததுங்க. அத வித்துப்போட்டா அப்பறம் புள்ள மொகத்துல எப்படீங்க முழிக்கறது?"

"அப்ப அம்மனுக்கு?"

"அதுக்குச் சந்தையில வேற வாங்கி நேந்திருக்குதுங்க" என்று தன் குடிசைப் பக்கம் கை காட்டினாள். அங்கே பெயரில்லாத ஒரு வெள்ளைச் சேவல் கட்டிக் கிடந்தது.

தன் பங்கிலேயே நல்ல சேவலை என் பெண்ணுக்கென்று ஒதுக்கியிருக்கிறாள். கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. நானோ அவளிடமிருந்து அதைக் காப்பாற்ற ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருக்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரி பஸ் புகை என்று மனைவியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

கறுப்புச் சேவலும் இப்போது செண்பகத்துடையதுதான். கலெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறாள். வந்த அரை மணியில் தாசில்தார் கலெக்டரைக் கிணற்றடி வரை துரத்தினார். இந்தச் சீமையில் வேறெங்கும் இது நடக்காது!

எங்கள் ஊரில் சாமியைப் பார்க்க நாம்தான் கோயிலுக்குப் போக வேண்டும். இங்கே கூப்பிட்டால் பாவாடை தடுக்க ஓடி வருகிறது.

அன்று மத்தியானம் சாமி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டது.