புல்வெட்டும் வண்டிக்கு நான் தைத்த பை

என்னால்தான் தனக்குக் கெடுதல் என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதர் ஏறக்குறைய ஒரு மாதம் எனக்குத் தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டு போனாரே, அது எப்படி முடிந்தது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் விடைக்குப் பதிலாகக் கோபம் வருகிறது. அவர் மேல், போர்மேன் மேல், என் கணவர் மேல். எல்லோரையும் சுற்றிவிட்டுக் கடைசியில் என் மேல்.

அபுதாபிப் பக்கம் ருவைஸில் எங்களுக்குக் கம்பெனி வீடு. என் கணவர் பராமரிப்புப் பிரிவில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருப்பின் நடுவில் பெரிய புல்தரை, ஓரமாக வேப்பமரங்கள், குழந்தைகளுக்கு இரண்டு ஊஞ்சல். என் மகள் நடக்கக் கற்றுக்கொண்டது அந்தப் புல்லில்தான். அதை வெட்டுவதற்குக் குட்டி டிராக்டர் மாதிரி, மேலே உட்கார்ந்து ஓட்டும் ஒரு வண்டி. அடியில் கத்தி சுழலும். அது கிளப்பும் காற்று, வெட்டிய புல்லையும் உதிர்ந்த இலையையும் ஒரு அகலக் குழாய் வழியாக இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பைக்குள் தள்ளும். ஓட்டியவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்பார்.

ஒருநாள் அந்தப் பை எதிலோ மாட்டி ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. புதுப் பை கப்பலில் வர மூன்று மாதமாகும் என்றார்கள். என் கணவர் பையை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"உன் மெஷின் சும்மாதானே கெடக்கு. ஒரு ஒட்டுப் போட்டுக் குடேன்."

ஒட்டுப் போட்டிருந்தால் போதும். நான்தான் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேனே. பையின் மூன்று பக்கமும் வலை. வண்டி ஓடும்போது அந்த வலை வழியாகத் தூசி பறக்கும், மகளுக்கு இருமல் வரும். அதனால் கிழிந்த பக்கத்தோடு மற்ற இரண்டு பக்க வலையையும் வெட்டி எறிந்துவிட்டு, கணவர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் ‘கவரால்’ உடுப்பில் பழையது இரண்டைப் பிரித்து அந்தத் தடித்த நீலத் துணியை வைத்து இரட்டைத் தையல் போட்டேன். மணல்கூட வெளியே வராது என்று பெருமை வேறு. நான் பௌதிகம் படித்தவள். உள்ளே போகிற காற்று எந்த வழியாக வெளியே வரும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

குளிர் முடிந்து காற்று வீசத் தொடங்கியதும் வேம்பு உதிர ஆரம்பித்தது. வண்டி போகும், இலை அப்படியே கிடக்கும். போன தடத்துக்குப் பின்னால் வரிசை வரிசையாக இலைக் குவியல். நான் ஜன்னலில் நின்று பார்த்து எரிச்சல்பட்டேன். ஒருநாள் ஊஞ்சலுக்குக் கீழே மகள் குந்தியிருந்து இலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் சின்னத் தேள். செருப்பால் அடித்துக் கொன்றேன். வீட்டுக்கு வந்த கையோடு ஹவுசிங் ஆபீசுக்கு ஒரு புகார் எழுதினேன். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும். இலை அள்ளப்படுவதில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வண்டி ஓட்டுபவர் வேலையில் அலட்சியமாக இருப்பதாகத் தெரிகிறது என்று ஒரு வரியைச் சேர்த்தேன். கடிதத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர் அலட்சியமாக இருந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

புகார் போனதும் வண்டியைப் பிரித்து மேய்ந்தார்கள். கத்தியைத் தீட்டினார்கள். தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். குழாயில் அடைத்திருந்த ஈரப் புல்லைச் சுரண்டினார்கள். பெல்ட்டை மாற்றினார்கள். தண்ணீர் பாய்ச்சிய ஈரம் காய்ந்த பிறகு, மெதுவான கியரில் ஓட்டச் சொன்னார்கள். இதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டின்போது என் கணவர் சொல்ல, நானும் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன். எதிலும் சரியாகவில்லை. வண்டியில் கோளாறு இல்லை, ஆளிடம்தான் கோளாறு என்று முடிவுகட்டினார் போர்மேன். அவர் பாகிஸ்தானி. சீக்கிரம் முடித்துவிட்டு நிழலில் படுப்பதற்காக வேகமாக ஓட்டுகிறான் என்றாராம். பை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. புதிதாகத் தைத்தது, ஓட்டை இல்லாதது, பிறகென்ன.

"அவனுக்கு அடுத்த வாரம் லீவு இருந்துச்சு. பேப்பர்ல கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டான் போர்மேன்" என்றார் என் கணவர். "தங்கச்சி கல்யாணமாம். பாவம்."

பாவம் என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார். நானும் ஊற்றினேன்.

இரண்டு நாள் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு புல்தரைக்குப் போனேன். வண்டியை நிறுத்திவிட்டு அவர் குனிந்து இலையைக் கையால் அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். பத்து மணி வெயில்.

"வண்டிய வச்சுக்கிட்டு ஏன் கையால அள்றீங்க?" என்று கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன்.

"வண்டி எடுக்கமாட்டேங்குதுக்கா."

"மெதுவா ஓட்டினா எடுக்கும்னு சொல்றாங்களே."

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "பாப்பாவத் தள்ளி நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பை பூரி மாதிரி உப்பி விறைத்தது. இலைகள் குழாயின் வாய்வரை வந்து, உள்ளே போக முடியாமல் திரும்பி விழுந்தன. வண்டிக்கு அடியிலிருந்து நாலாபுறமும் தூசி பீறிட்டது. நான் போய் நீலத் துணிமேல் கை வைத்தேன். காற்று துளிகூட வெளியே வரவில்லை. கையை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"எது?"

"இந்தப் பைதான்னு."

அவர் வண்டியை அணைத்தார். "மாட்டுன அன்னைக்கே தெரியும்க்கா."

"பின்ன ஏன் சொல்லலை?"

"சார் வீட்டம்மா கைப்படத் தச்சுக் குடுத்தது. அதுல நொட்டை சொன்னா நல்லாவா இருக்கும்? புதுப் பை வந்துட்டாச் சரியாயிரும்னு பாத்தேன்." பிறகு சிரித்தார். "ராவோட ராவா பிரிச்சுப் போட்டுறலாம்னுகூட நெனைச்சேன். உங்க தையல் லேசுல பிரியுற தையலா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க தங்கச்சி கல்யாணத்தவிட என் தையல் பெரிசாப் போச்சா?" என்று கத்தினேன். மகள் பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்து, "மணவறையில தங்கச்சி கையில பொரி போட நான் ஒருத்தன்தான்க்கா அண்ணன்" என்றார். என் கேள்விக்கு அது பதிலே இல்லை.

பையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். வெங்காயம் வரும் வலைச் சாக்குகளை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன். மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. கிடந்த இலையெல்லாம் விறுவிறுவென்று பைக்குள் போய்விட்டது. நான் ஜன்னலில் நின்று அழுதேன்.

என் கணவரிடம் சொன்னேன். "நீங்க போய் போர்மேன்கிட்டச் சொல்லுங்க. பையிலதான் தப்பு, நான்தான் அப்படித் தச்சேன்னு."

"அதான் சரியாயிடுச்சே. இப்பப் போய்ப் பைன்னு சொன்னா, கேட் பாஸ் இல்லாம வெளிய கொண்டுபோனது யாருன்னு கேப்பான். கத்தி மாத்தினோம்னு சொல்லிக்கிறேன், விடு."

அப்படியேதான் சொன்னார். நான் அன்று அவருடன் பேசவில்லை. பேசாமல் இருந்தது தப்போ என்று மறுநாள் அவருக்குப் பிடித்த அடை சுட்டேன். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அடை சுட்ட கையோடு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே போர்மேனின் அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்தார். பிறகு ஒரு பைலைத் திறந்து என் கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

"பாபி" என்று அண்ணி முறை வைத்து அழைத்தார். "இது உங்க கம்ப்ளெயின்ட்தானே?"

"ஆமா. அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"கம்ப்ளெயின்ட் எழுத ஃபாரம் இருக்கு. வாபஸ் வாங்க ஃபாரம் மாஃபி, கிடையாது." கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அவனோட லீவு டர்னை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. கலாஸ், முடிஞ்சுது. ரெண்டு மாசம் கழிச்சுப் போகட்டும்."

கெஞ்சினேன். இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதையும் அதே பைலில் வைத்து மூடினார்.

கல்யாணம் நடந்தது. பெரியப்பா மகன் பொரி போட்டானாம். ஊரிலிருந்து பேசிப் பதிவு செய்து அனுப்பிய கேசட் வந்திருக்கிறது என்றார் அவர். என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "பாதி அழுகைச் சத்தம்தான்க்கா" என்றார். லீவில் போனவர் யாரோ, வேலையில் அலட்சியம் என்று புகார் வந்ததால்தான் அண்ணனை விடவில்லை என்று ஊரில் சொல்லியிருக்கிறார். நான் முடிவு வேண்டுமே என்று எழுதிய வரி, கடல் தாண்டி அந்தப் பெண்ணின் மாமியார் வீடுவரை போயிருக்கிறது. என் கல்யாணத்துக்காகக்கூட ஒழுங்காக வேலை பார்க்க முடியவில்லையா என்று கேசட்டில் கேட்டிருக்கிறாள் தங்கை. உண்மை என்ன என்று அவளுக்கு எழுதச் சொன்னேன். "அது எதுக்குக்கா, உங்களையும் சாரையும் இழுத்துக்கிட்டு" என்றார். மறுபடியும் அதே மரியாதை. அறைந்துவிடலாம் போலிருந்தது.

சென்ற வருடம் ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். தங்கை இன்னும் அண்ணன் வீட்டு வாசல் மிதிப்பதில்லை என்று அதே ஊர்க்காரர் ஒருவர் இங்கே சொன்னார்.

ஜூலையில் எங்களுக்கு லீவு. என் பிறந்த வீடு திருச்சி. அங்கிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், உன் அண்ணன் அலட்சியமாக இல்லை, பையை அடைத்தவளும் நான், புகார் எழுதியவளும் நான் என்று சொல்லவேண்டும் என்று இருக்கிறது. என் கணவர் வேண்டாம் என்கிறார். ஆறின புண்ணைக் கீறாதே என்கிறார். ஆறியதா என்று அவர் போய்ப் பார்த்தாரா? ஆனாலும் எனக்கும் பயம். மாமியார் வீட்டில் நாலு பேர் முன்னால் நான் இதைச் சொல்லி, அது அந்தப் பெண்ணுக்கே இடைஞ்சலானால்? அண்ணன் மறைத்ததை அவரைக் கேட்காமல் நான் போட்டுடைக்கலாமா? அவரிடம் அனுமதி கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், அது நிச்சயம்.

இதைப் படிக்கிறவர்களில், கல்யாணத்துக்கு அண்ணனோ தம்பியோ வர முடியாமல் போன பெண்கள் கட்டாயம் இருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒருத்தி உங்கள் வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் நேரில் போகட்டுமா, கடிதம் எழுதட்டுமா? இரண்டும் வேண்டாம் என்றால் அதையாவது சொல்லுங்கள். ஜூலைக்கு முன் எழுதினால் உதவியாக இருக்கும்.