தம்பியின் வாய்க்கு மூன்று ஷிப்ட்

என் தம்பிக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. ரத்தப் புற்றுநோய்க்கு அவனுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு வருஷம், நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் சுரங்கத்துக்குப் போகாதவர்களுக்கும் ஷிப்ட் இருந்தது. ஷிப்ட் போட்டவர் அப்பா.

மருந்து ஏறினால் வாய் வெந்து புண்ணாகும், புண் வழியே கிருமி புகுந்து காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று புதுச்சேரி ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து, சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவன் கொப்புளித்துத் துப்ப வேண்டும். தினமும் டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கவும் வேண்டும். காலை ஷிப்ட் அம்மா, மாலை நான், இரவு மறுபடியும் அம்மா. அம்மாவை மாற்றிவிடும் ரிலீவர் யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா மைன்ஸில் மண்வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுபவர். அங்கே ஷிப்ட் மாற்றும் வழக்கத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். "சும்மா எழுந்து போவக் கூடாது பாப்பா. வாய் கிளீன்னு சொல்லி சார்ஜ் ஒப்படைக்கணும். அடுத்த ஆளு சார்ஜ் எடுத்துக்கினா, அப்புறம் தெரியவர்ற பழுதெல்லாம் அந்த ஆளோடது." எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வயதில் பர்மனென்ட் வேலை!

மாலையில் தோட்டத்துப் பலா மரத்தடிக்கு டம்ளரும் கையுமாகப் போவோம். அனல்மின் நிலையத்தின் நீராவி வானத்தில் வெள்ளை வெள்ளையாக எழும்பி, வெயில் சாயச் சாய ஆரஞ்சாகும். அங்கேதான் மேகம் செய்கிறார்கள் என்று தம்பி அடித்துச் சொல்வான். மயிர் கொட்டிப்போன அவன் தலையிலும் அந்த வெளிச்சம் விழும். தூரத்தில் கன்வேயர் பெல்ட் ஓயாமல் முனகும். அந்த நேரத்தில் உலகத்தில் யாருக்கும் எந்த நோயும் இல்லாதது போலிருக்கும்.

ஒருநாள் அவன் டம்ளரை என்னிடமே நீட்டினான். "எரியுதுக்கா. எனக்குப் பதிலா நீ கொப்புளியேன்."

அவன் கண்ணில் தண்ணீர். என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்குச் சமையலறை வரை கேட்கட்டும் என்று, நிமிர்ந்து மேகத்தைப் பார்த்தபடி, தொண்டை அதிரக் கொப்புளித்தேன். அவன் சத்தமில்லாமல் சிரித்தான். உள்ளே போய், "வாய் கிளீன்மா" என்றேன். "சரி, சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றாள் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே. ராத்திரி அவள் டார்ச்சோடு வருவதற்குள் அவன் தூங்கியிருப்பான். என்னை நம்பி, எழுப்பாமல் விட்டுவிடுவாள்.

இப்படி மூன்று நாள். மூன்றாம் நாள் டார்ச் அடித்தபோது உதட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தயிர்சாதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் விடியும்போதே அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வேன் பிடித்து மூவரும் புதுச்சேரிக்குப் போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டார்கள். அவர் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி, என்னையும் முழங்காலில் நிற்க வைத்தார். தம்பி செத்துப்போனால் கொன்றது நான்தான் என்பது மாதாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து மாற்றுத் துணி எடுக்க அப்பா வந்தார். அவர் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, துணிகளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "ஒழுங்கா கொப்புளிச்சாலும் இந்த மருந்துக்குப் புண்ணு வருமாம், டாக்டரு சொன்னாரு" என்றார். துணிப்பையை மூடிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "அதுவுமில்லாம, அம்மா சார்ஜ் எடுத்தாச்சே பாப்பா. அது இனிமே உன்னுது இல்ல."

அடேயப்பா, எவ்வளவு நல்ல சட்டம்! அன்றைக்கு அத்தை வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். தம்பியும் பிழைத்து, பத்தாம் நாள் வீடு வந்துவிட்டான். யாருமே திட்டு வாங்கவில்லை, சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தம்பி என் வீட்டுக்கு வந்திருந்தான். காரமான மீன்குழம்பை உறிஞ்சிச் சாப்பிட்டுக்கொண்டே, "உனக்குத் தெரியாதாக்கா?" என்றான். வேனிலேயே அவன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டானாம். வார்டில் அவன் வாயைத் திறந்து பார்த்த நர்ஸ், அத்தனை பேர் முன்னால், "பெத்தவதானே நீ? எத்தனை தடவை சொன்னேன்?" என்று அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம். அம்மா என் பெயரையே எடுக்கவில்லை. தலையைக் குனிந்தபடி ஒரே வரிதான் சொன்னாளாம். நர்ஸுக்கு அது ஒன்றும் விளங்கியிருக்காது.

"ஆமாங்க. என் ஷிப்ட்லதான் ஆச்சு."