வசந்தாமணி மேடத்தின் திங்கட்கிழமை

வசந்தாமணி மேடம் காலமான செய்தி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தேன். செய்திக்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அவசரத்தில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டு அழித்தார். அழித்தவர் பெயரையும் வாட்ஸ்அப் காட்டிக்கொடுத்தது: எங்கள் முதல்வர். பக்கத்து நாற்காலிக்காரர் என் கைபேசியை எட்டிப் பார்த்து, "அட பாவமே, நல்ல மனுசிங்க" என்று சொல்லிவிட்டுச் சட்னியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். நானும் அந்தப் போண்டாவை மிச்சம் வைக்கவில்லை. மேடம் பார்த்திருந்தால், "துக்கத்துலகூட உங்க வாய் சும்மா இருக்காதுங்களே தமிழய்யா" என்றிருப்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: காரமடைக்காரர், எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், யாருக்கும் ஆகாதவர்.

ஒரு கல்லூரியில் புதுப் படிப்பு எப்படிப் பிறக்கிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். தாளாளர் ஏதாவது கல்யாண வீட்டில், பக்கத்துக் கல்லூரியில் ஓடும் படிப்பின் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு வருவார். பெயர் வந்தபிறகு அதற்குப் பாடம் தேடுவோம். பிறகு பாடத்திட்டக் குழு கூடும். வெளியூர் நிபுணர், பல்கலைக்கழகப் பிரதிநிதி, தொழில்துறைப் பிரதிநிதி எல்லாரும் வேண்டும். எங்கள் தொழில்துறைப் பிரதிநிதி, தாளாளரின் மச்சான். கிரைண்டர் தயாரிப்பவர். வேதியியலுக்கும் அவர்தான், ஆங்கில இலக்கியத்துக்கும் அவர்தான். 'ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்ற தீர்மானம் கூட்டத்துக்கு முன்பே தட்டச்சாகியிருக்கும். தலை எண்ணிக்கை குறைந்தால், தமிழ்த்துறையிலிருந்து என்னைக் கூட்டிப்போய் உட்காரவைப்பார்கள்.

மேடம் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார். முதலில் வேலை, பிறகு பாடம், கடைசியில் பெயர். காங்கேயம் பக்கம் எண்ணெய் மில்லுக்கு மில்லு ஏறி இறங்கினார். கொப்பரையின் ஈரப்பதத்தையும் எண்ணெயின் தரத்தையும் சோதிக்க அங்கே படித்த ஆள் கிடைப்பதில்லை என்று கண்டுகொண்டார். தென்னைப் பொருள்களுக்கென்றே ஒரு பி.எஸ்ஸி., கடைசிப் பருவம் முழுக்க மில்லில். இதுதான் அவருடைய கனவு. அந்தப் பயணங்களில் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் நான் இருந்தேன். என் வேலை பேசுவது. "நீங்க மொதலாளிகிட்டப் பேசிட்டே இருங்க, நான் களத்தைப் பாத்துட்டு வாரேன்" என்பார். மில் முதலாளிகளின் பங்காளிச் சண்டை முழுக்க எனக்குத் தெரியும். கொப்பரை பற்றி ஒன்றும் தெரியாது.

பாடம் எழுதும்போது ஒவ்வொரு தாளுக்கும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார். "படிச்சு முடிச்ச அடுத்த திங்கக்கிழமை காலையில இந்தப் புள்ளை எங்க போகும்?" பதில் சொல்ல முடியாத தாளை அடித்துவிடுவார். அப்படி அடிபட்டதில் நான் ஆசையாக நுழைத்த 'இலக்கியத்தில் தென்னை'யும் ஒன்று. "நல்லாத்தான் இருக்குதுங்க. ஊட்டுல உக்காந்து படிச்சுக்கட்டும்" என்றார்.

பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருகிறது என்றால், பக்கத்துக் கல்லூரியிலிருந்து கருவிகளைக் கடன் வாங்கி, அவர்கள் பெயர் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டு வரிசையாக வைப்பது எங்கள் வழக்கம். மேடம் மறுத்துவிட்டார். "இன்னிக்கு இரவல் மிசினைக் காட்டிப்போட்டு, நாளைக்குப் புள்ளைங்களுக்கு எதைக் காட்டறதுங்க?" குழுவை அப்படியே காரில் ஏற்றிக் காங்கேயம் மில்லுக்குக் கொண்டுபோய், "எங்க லேப் இதானுங்க" என்றார். சட்டையெல்லாம் எண்ணெய் வாசத்தோடு திரும்பிய அவர்கள், நிஜமாகவே அசந்துதான் போயிருந்தார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தாளாளரின் உதவியாளர் அவர்கள் கார் டிக்கியில் எண்ணெய் டின் ஏற்றுவதை மேடம் பார்த்துவிட்டார். "எறக்கு கண்ணு. அவிய படிப்பைப் பாக்க வந்தவிய, எண்ணெய் வாங்க வரலை." டின்கள் இறங்கின. கூடவே எங்கள் கோப்பும் எங்கேயோ இறங்கிப் படுத்துக்கொண்டது. அனுமதி வந்து சேர்ந்தபோது கோவையில் எல்லாக் கல்லூரிகளிலும் வகுப்பு தொடங்கியிருந்தது.

பிறகு மேடம் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போனார். நான் பின்சீட்டில். ஒரு மில் முதலாளி மோர் கொடுத்து உபசரித்து, மகனைப் பற்றிச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, நம்ம மில்லுல வேலை செய்யறதுக்கு என்னத்துக்குங்க டிகிரி? அவனைக் கம்ப்யூட்டர்ல சேத்துப்போட்டனுங்க."

"அப்ப உங்க எண்ணெயை யாருங்க டெஸ்ட் பண்ணுவாங்க?"

"அதுக்கு ஒரு ஆளை வெச்சுக்கலாமுங்க."

"அந்த ஆள் எங்க படிப்பானுங்க?"

முதலாளி சிரித்தார். "இன்னொரு டம்ளர் மோர் குடிங்க."

ஆறு பேர் சேர்ந்தார்கள். பதினைந்து பேர் இல்லாமல் வகுப்பு நடக்காது என்றது நிர்வாகம். அடுத்த ஆண்டு முழுச் சேர்க்கை வரும், அதுவரை சம்பளமில்லாமல் கூடுதல் வகுப்பு எடுக்கிறேன் என்று மேடம் கேட்டுப் பார்த்தார். தாளாளர் எழுந்து நின்று கைகூப்பினார். "நீங்க சொன்னா மறுப்பேதுங்க மேடம்? அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க. இப்போதைக்கு அந்த ஆறு குழந்தைகளையும் பி.காம்.ல போட்டுடலாமுங்க." எங்கள் ஊரில் கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். வலித்தது என்று புகார்கூடச் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வந்தது. 'கீழ்க்கண்ட மாணவர்கள் வரும் திங்கட்கிழமை காலை முதல் பி.காம். வகுப்புக்குச் செல்லவும்.' மேடம் இத்தனை நாள் கேட்ட கேள்விக்கு நிர்வாகமே பதில் எழுதிவிட்டது. அதை அவர் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று இரண்டு தடவை படித்தார். ஆறு பேரில் ஒருத்தியான காயத்ரி அங்கேயே வந்து, "அப்ப மில்லுக்குப் போக மாட்டமுங்களா மேடம்?" என்று கேட்டாள். எதற்கும் பதில் வைத்திருக்கும் மனுஷி, அந்தப் பெண்ணின் துப்பட்டாவில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுவிட்டு நடந்து போனார். அந்த அடுத்த வருசம் வரவேயில்லை. காயத்ரி இப்போது காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையில் பில் போடுகிறாள்.

மேடம் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரி 'அக்ரோ அனலிடிக்ஸ் வித் ஏ.ஐ.' என்று ஒரு படிப்பைத் தொடங்கியது. விளக்கக் கையேட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். படுக்கையில் சாய்ந்தபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். அவருடைய தாள்கள்தான், வேறு பெயர்களில். "எல்லாம் இருக்குதுங்க தமிழய்யா. மில்லு மட்டும் இல்லை" என்றார். கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, "பொணத்துக்குப் பொட்டு வெச்சிருக்காங்க" என்று கையேட்டை மடித்து என்னிடமே கொடுத்தார். நான் ஏதோ சிரிப்பாகச் சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாங்க" என்றார். அதுதான் அவரிடம் நான் கேட்ட கடைசிச் சொல்.

இரங்கல் கூட்டத்தில் முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த அக்ரோ அனலிடிக்ஸ் படிப்பின் தாய் மேடம்தான்" என்றார். மேடத்தின் படம் போட்ட பேனரின் அடியில் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்றிருந்தது. இரங்கல் உரை எழுதித் தரச் சொல்லி என்னைத்தான் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். 'படிப்பின் தாய்' என்ற வரி மட்டும் நான் எழுதியதல்ல.

அடுத்த வாரம் மறுபடியும் பாடத்திட்டக் குழு. புதுப் படிப்பு ஒன்று, பெயரை வாசிக்கவே மூச்சு வாங்கியது. கையெழுத்துத் தாள் என்னிடம் வந்தபோது கேட்டுவிட்டேன். "படித்து முடித்த அடுத்த திங்கட்கிழமை காலையில் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?"

கிரைண்டர்காரர்தான் பேசினார். "எங்காச்சும் போவாங்க, உடுங்க தமிழய்யா. போண்டா ஆறுது பாருங்க."

நான் கையெழுத்துப் போடவில்லை. இருந்தும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகத்தான் பதிவானது. அதன் பிறகு எந்தக் குழுவுக்கும் எனக்கு அழைப்பு வருவதில்லை. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். எங்கள் கூட்டங்கள் எப்போதும் திங்கட்கிழமை காலையில்தான் நடக்கும். இப்போது அந்த நேரத்தில் போக எனக்கும் இடமில்லை.