மச்சாளின் கிணற்றடிக் கல்

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை. புளியங்கூடலில் இருந்து கடற்கரைப் பக்கம் போகும் மண் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது என் மனைவியின் அக்காவுடைய வளவு. முறைக்கு எனக்கு மச்சாள். அன்றைக்கு நான் அங்கே போனது நண்டுக் கறி சாப்பிட. மதங்களுக்கிடையே குழப்பம் விளைவிக்கவே போனேன் என்று பிற்பாடு என்மீது எழுதிக் கொடுத்தவர்களுக்கு மச்சாளின் நண்டுக் கறியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலில் கிணற்றைச் சொல்லவேண்டும். தீவுப் பகுதியில் கிணறு வெட்டினால் பெரும்பாலும் உவர்தான். அதில் தேநீர் வைத்தால் கடலைக் கொதிக்க வைத்ததுபோல் இருக்கும். மச்சாளின் கிணறு மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர். சண்டைக் காலத்தில் இரண்டு தடவை இடம்பெயர்ந்து, வன்னி முழுவதும் சுற்றி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரும் கணவரும் திரும்பி வந்தது அந்தக் கிணற்றை நம்பித்தான். கணவருக்கு, அதாவது என் சகலனுக்கு, சிறுநீரகத்தில் வருத்தம். உவர் வாயில் படக்கூடாது, நல்ல தண்ணீராகப் பார்த்துக் குடிக்கவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. கனடாவில் இருக்கும் மகள் வரச்சொல்லி அழுதாள். மச்சாள் அசையவில்லை.

"அங்க பைப்பைத் திறந்தா வருமாம். இஞ்ச அள்ளினா வருது. அள்ளுறதுக்கு எனக்குக் கை இருக்கு" என்றார்.

அந்தக் கிணற்றடியில் ஒரு கருங்கல் கிடந்தது. தீவில் கருங்கல் கிடையாது. வீடு, வேலி, கோயில், தேவாலயம் எல்லாம் கடல் தந்த முருகைக்கல்லில் கட்டியவை. இந்த ஒரு கல் மட்டும் எந்தக் கடல் தாண்டி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. உடுப்புத் தோய்க்க வழுவழுப்பாக இருந்தது, அது போதும்.

அன்றைக்குக் கிணற்றைச் சுற்றிச் சீமெந்து போட வந்த மேசன்மார் இருவர் கம்பி போட்டுக் கல்லைப் புரட்டினார்கள். அடிப்பக்கம் மேலே வந்தது. மண்ணைக் கழுவிவிட்டதும் நான் தேநீர்க் கோப்பையோடு முழந்தாளில் இருந்துவிட்டேன். ஓரமெல்லாம் தாமரை இதழ் செதுக்கியிருந்தது. நடுவில் பாதம் வைப்பதற்கென்று உயர்த்திய இரண்டு மிதிகள், இடையில் ஒரு வாய்க்கால், அது போய் முடியும் இடத்தில் ஒரு துவாரம்.

எனக்கு அது என்ன என்று தெரியும். கலியாணத்துக்கு முன்பு சிங்கள ஊரான குருநாகலில் ஐந்தாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் செலவில்லாத பொழுதுபோக்கு, காட்டுக்குள் இருக்கும் பழைய பௌத்த தியான மடங்களின் இடிபாடுகளைப் பார்ப்பது. அந்த வனத்துறவிகள் விநோதமான ஆட்கள். சிலை இல்லை, சித்திரம் இல்லை, தூபி இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை. ஒன்றுக்குக் கூரை, மற்றது வெட்டவெளி, இரண்டையும் இணைக்க ஒரு கற்பலகை. அங்கே இருந்து தியானம் செய்வதுதான் வேலை. ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நாட்டிலேயே திறமான சிற்பியைக் கூப்பிட்டதுபோல் செதுக்கி வைத்திருப்பார்கள். அது அவர்கள் சிறுநீர் கழிக்கும் கல். நகரத்து மடங்களின் ஆடம்பரத்துக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். உலகத்தின் மிகப் பழைய நையாண்டி எழுத்து அதுதான் என்பது என் சொந்தக் கருத்து.

கிணற்றுக்குப் பின்னால் ஈச்சம் பற்றையை விலக்கிப் பார்த்தேன். மச்சாள் ஆடு கட்டுகிற முருகைக்கல் மேடை. அதன் பக்கத்தில் இன்னொரு மேடை.

நண்டுக் கறியோடு இருக்கும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "மச்சாள், உங்கட உடுப்புத் தோய்க்கிற கல்லு அந்தக் காலத்துப் பிக்குமாரின்ர மூத்திரக் கல்லு."

மச்சாள் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாப்பிடேக்கை கதைக்கிற கதையே உது? நான் தோய்ச்சது மற்றப் பக்கத்திலதானே" என்றார். அவரளவில் தொல்லியல் அத்தோடு முடிந்தது.

மேசன்மாரில் ஒருவர் படம் எடுத்து முகநூலில் போட்டிருந்தார். அடுத்த நாளே பக்கத்துக் கோயில் நிர்வாகத் தலைவர் பத்துப் பேரோடு பாற்செம்பு கொண்டு வந்துவிட்டார். அவர் பார்த்த மாத்திரத்தில் அது ஆவுடையார், சிவலிங்கத்தின் பீடம். துவாரம் லிங்கம் இருந்த இடம், வாய்க்கால் அபிஷேகத் தண்ணீர் வழிய விட்டது. பால் ஊற்றினார்கள். பால் ஓடவேண்டிய வழியே ஓடித் துவாரத்துக்குள் இறங்கியது. அதைவிட ஆதாரம் என்ன வேண்டும்?

அந்த வாரமே தெற்கில் இருந்து நயினாதீவு விகாரைக்கு யாத்திரை போகிற வழியில் ஒரு வான் ஒழுங்கைக்குள் திரும்பியது. ஒரு வயதான பிக்கு, வெள்ளை உடுத்த ஆண்களும் பெண்களும். அவர்கள் கண்ணுக்குத் துவாரம் தெரியவில்லை, மிதிகள் இரண்டும் தெரிந்தன. புனிதப் பாதங்கள். வெள்ளைத் துணி விரித்துப் பூ வைத்துக் கும்பிட்டார்கள். ஒரு பெண் கண்ணீர் விட்டதாக மச்சாள் சொன்னார். அந்தக் கண்ணீரை நான் பகிடி செய்யமாட்டேன்.

ஒரு பகுதி நந்திக்கொடியைத் தண்ணீர் அள்ளும் துலாவில் கட்டியது. மற்றப் பகுதி பௌத்தக் கொடியைக் கிணற்றடிப் பூவரசில் கட்டியது. மச்சாள் இரண்டுக்கும் கீழே வாளியோடு நின்று கேட்டாராம்: "துலாவில கொடியைக் கட்டினா நான் எப்பிடி ஐயா தண்ணி அள்ளுறது?"

பிறகு பொலிஸ் வந்தது. இரண்டு பகுதியும் மோதிக்கொள்ளக்கூடும் என்று, விசாரணை முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று ஓர் உத்தரவு. கல்லைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். கல் கிணற்றடியில். ஆகவே கிணறும் நாடாவுக்கு உள்ளே. வீடு வெளியே. காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள், அவர் இருக்க மச்சாள் வீட்டுக் கதிரை.

"உள்ளுக்கு நிண்டு அவர் என்ர கிணத்தில குளிக்கிறார். வெளியில நிண்டு நான் தண்ணி கொண்டுவாற பவுசருக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார் மச்சாள் தொலைபேசியில். பவுசர் நினைத்த நாளில் வந்தது. வராத நாட்களில் பக்கத்து வளவு உவர்தான். சகலனின் கால் வீங்கத் தொடங்கியது.

ஒரு மாதம் கழிய அரச அலுவலகம் ஒன்றில் கூட்டம் வைத்தார்கள். மச்சாளோடு நானும் போனேன். மொழிபெயர்ப்பாளர் லீவு. சிங்களம் தெரிந்தவர் யாரும் உண்டா என்று அதிகாரி கேட்டார். குருநாகல் எனக்குச் செய்த இரண்டாவது உபகாரம் அது.

கோயில் தலைவர் ஒரு மணி நேரம் சிவனைப் பற்றிப் பேசினார், நான் சிங்களத்தில் சொன்னேன். பிக்குவோடு வந்தவர்கள் ஒரு மணி நேரம் புத்தரைப் பற்றிப் பேசினார்கள், நான் தமிழில் சொன்னேன். தண்ணீரைப் பற்றி எந்த மொழியிலும் யாரும் பேசவில்லை. மச்சாள் என் முழங்கையில் இடித்தார். "நீர் அண்டைக்குச் சொன்னதைச் சொல்லுமன். அது சாமிக் கல்லு இல்லையெண்டா நாடாவை அவிழ்ப்பினம்தானே."

நியாயமான கணக்கு. நானும் நம்பினேன். கையோடு கொண்டுபோயிருந்த, அந்த வன மடங்களைப் பற்றிய என் பழைய புத்தகத்தை விரித்து, அதே மாதிரிக் கல்லின் படத்தைக் காட்டி, இரு மொழியிலும் மரியாதையான சொற்களாகத் தேடிச் சொன்னேன். சிறுநீர் என்பதற்கு எந்த மொழியிலும் போதிய மரியாதையான சொல் இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"எங்கட சிவனை மூத்திரக் கல்லு எண்டுறீரோ? நீர் ஒரு சைவனோ?" என்று தலைவர் எழும்பினார். மறுபக்கத்தில் ஓர் இளைஞன் சிங்களத்தில் கத்தினான். அதிகாரி பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுறார்?" என்று கேட்டார். என்னை உதைக்கவேண்டும் என்று சொல்கிறார் என்பதை நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

இரண்டு பகுதியும் ஒன்றாக வெளிநடப்புச் செய்தன. வாசலில் வெயில் கொளுத்தியது. கோயில் தலைவர் தன் குடையை விரித்துப் பிக்குவுக்குப் பிடித்துக்கொண்டு வான்வரைக்கும் போனார். இன நல்லிணக்கத்துக்கென்று எத்தனையோ கூட்டங்களில் இருந்து வடை தின்றிருக்கிறேன். என் கண்ணால் அதைக் கண்டது அந்த ஒரு தடவைதான்.

நான் சைக்கிளை எடுக்கப் போனபோது பிக்கு வான் கதவடியில் தனியாக நின்றார். கையால் கூப்பிட்டார். "மாத்தயா, அந்தப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது" என்றார் மெல்லிய சிங்களத்தில். "பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிந்தால் ஏன் சாது, சொல்லவில்லை?"

வானுக்குள் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அவர்கள் அழுதுவிட்டார்களே" என்றார். ஏறிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த கிழமை ஊர்காவற்றுறைச் சந்தையில் தலைவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, நீர் சொன்னது சரியாத்தான் இருக்கும் போல. எனக்கும் அந்த மிதியளைப் பாக்க ஒரு மாதிரித்தான் கிடந்தது. ஆனா பாலை ஊத்திப் போட்டம். இனி என்னெண்டு பின்வாங்கிறது? அவையள் விடட்டும், நாங்களும் விடுறம்."

"அந்தக் கிணறு, அண்ணை?"

"பாவம்தான்" என்றார். உண்மையாகவே பாவப்பட்டார். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

மதத்தை இழிவுபடுத்தியதாக என்மேல் இரண்டு முறைப்பாடுகள் போயின. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. அலுவலகத்தில் ஏதோ ஓர் அலுமாரிக்குள் அவை இரண்டும் சண்டையில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்.

மழைக்காலம் தொடங்கும்போது சகலனைப் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். தீவுக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்றார் டொக்டர். வீட்டைப் பூட்டி அவர்களை என் வீட்டுக்குக் கூட்டிவர நான்தான் ஓட்டோ கொண்டு போனேன். நாடா வெயிலில் நரைத்துப் போயிருந்தது. கொடிகள் இரண்டும் கிழிந்து எது யாருடையது என்று தெரியாமல் தொங்கின. கல்லைப் பார்க்க ஒரு குருவியும் இல்லை. கான்ஸ்டபிள் பழைய மேடைக்குப் பின்னால் இருந்து காற்சட்டையைச் சரிசெய்தபடி வந்தார். அந்த மடத்தின் மரபை இன்னும் காப்பாற்றி வருகிறவர் அவர் ஒருவர்தான்.

மச்சாள் ஒரு போத்தலை நாடாவுக்கு மேலால் நீட்டினார். கான்ஸ்டபிள் ஒழுங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு வாளியை விட்டு அள்ளி நிரப்பிக் கொடுத்தார். அல்லைப்பிட்டி தாண்டி, ஓட்டோ பண்ணைப் பாலத்தில் ஏறியது. போத்தல் மச்சாளின் மடியில் இருந்தது.

"முதல் ரெண்டு தரமும் குண்டுக்குப் பயந்து ஓடினனாங்கள்" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு. "இந்தத் தரம் பூவுக்கும் பாலுக்கும்."

என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சுதானே இருந்தது?"

"ஓம் மச்சாள்."

நான் எத்தனையோ புத்தகம் படித்து, சனத்துக்கு உண்மை தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாற்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவன். இப்போது என் வீட்டுக் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், உண்மை தெரிந்த நல்ல மனிதர் மூன்று பேர் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு ஒரு வாளி தண்ணீர் எடுத்துக் கொடுக்க முடியாமல் போனது நினைவுக்கு வந்து, குடிக்கிற தண்ணீர் உவர்க்கிறது.