மீன் கொட்டகையில் எனக்குக் கிடைத்த இடம்

கொட்டகை திறந்த அன்று என் கூடை ரோட்டில் இருந்தது. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஐந்தாவது வரை படித்திருப்பதால் எழுதி வைக்கிறேன்.

1. மண் சுமந்தது

கல்யாணமாகி வந்ததிலிருந்து பழவேற்காடு ஏரிக்கரையில் இறாலும் நண்டும் விற்கிறேன். வெயில் ஏறினால் இறால் தலை கறுத்துவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். ஐஸ் கம்பெனி தேசப்பன், இஞ்சின் கடைக்காரர், நண்டு ஏஜென்ட் மூவரும் சங்கம் வைத்து, மேடை போட்ட விற்பனைக் கொட்டகை கட்டினார்கள். நிழல் கிடைக்குமே என்று பெண்கள் நாங்கள் கூலி வாங்காமல் மண் சுமந்தோம்.

2. மேடை பிரித்த கூட்டம்

தேசப்பன் நல்ல மனுஷர்தான். சண்டை வேண்டாம், ஊர் வழக்கப்படி பிரிப்போம் என்றார். ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்குவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களுக்குத்தான் பாடு. மேடைக்கும் அதே சீட்டு என்றார். என் வீட்டுக்காரர் இறந்ததும் எங்கள் வீட்டுப் பாடு போய்விட்டது.

என் பக்கத்தில் கூடை வைக்கும் சம்பங்கி எழுந்தாள்.

"இன்னா தேசப்பண்ணே, ஆம்பளைங்க ஏரில வலை போடுவாங்களா, இங்க குந்திக்கினு நண்டு விப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"உன் வூட்டுக்காரன் பேர்ல சீட்டு வுழட்டும், நீ குந்திக்கோ" என்றார் தேசப்பன்.

"எனக்கு வுழும். இந்தக்காவுக்கு? செத்தவரு எய்ந்து வந்து சீட்டு எடுப்பாரா?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கும் ஒரு மேடை வோணும்" என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

தேசப்பன் குரலைத் தாழ்த்தினார். "பாடு இல்லாத வூட்டுக்கு மேடை குட்த்தா, நாளைக்கு ஏரிலயும் எடம் கேப்பாங்கன்னு ஊர்ல சொல்றாங்கக்கா. நான் இன்னா பண்றது?"

3. இப்போது

சீட்டு விழுந்த ஆண்கள் ஏரிக்குப் போய்விடுகிறார்கள். மேடைகளை ஒவ்வொன்றாக ஏஜென்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். சம்பங்கியின் வீட்டுக்காரரும் விட்டுவிட்டார். அவளும் இப்போது என்னோடு ரோட்டில்தான்.

"மண்ணு சொமந்தது நாம, குந்துறது பொட்டியா?" என்று மேடையில் ஏஜென்ட் அடுக்கிய ஐஸ் பெட்டிகளைத் திட்டுகிறாள்.

தேசப்பன் உடைந்த ஐஸை எங்களுக்குச் சும்மா தருகிறார். முகம் பார்ப்பதில்லை. கோணியில் சுற்றுவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது.

புதிதாகக் கூடை தூக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்காகக் கட்டுகிறோம் என்று யார் வந்தாலும், உள்ளே உட்காரப்போவது யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கூரை போட்ட பிறகு கேட்டோம்.