ஸ்டெல்லா அக்காவுக்குச் சர்க்கரை இல்லை

இல்லை, சர்க்கரையால் சாகவில்லை. நம் கம்பெனி குரூப்பில் இருக்கும் நீங்கள் எல்லோரும் சாவு வீட்டில் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை காலை கம்பெனி வேனுக்குக் காத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. ஸ்டெல்லா அக்கா மாரடைப்பில் போய்விட்டார். வேன் ஆம்பூர் தாண்டுவதற்குள் எல்லோரும் ஒரே பேச்சு. "சுகர் இருந்துச்சில்ல."

அந்த சுகர் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

காலேஜைப் பாதியில் விட்டுவிட்டுத் தையல் லைனுக்கு வந்தவள் நான். பக்கத்து மிஷின் அக்காவுடையது. அப்போது எனக்கு நாலு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. வேலூரில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார். மெட்ஃபார்மின் எழுதினார். சர்க்கரைக்காரர்கள் போடும் மாத்திரைதான், இதற்கும் கொடுப்போம், பிற்பாடு குழந்தைக்கும் வைத்தியம் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா காதில் எதுவும் ஏறவில்லை. "வெளிய தெரிஞ்சா எவன்டி வருவான் உன்னைப் பொண்ணு பாக்க?"

முதல் வாரம் மாத்திரை வயிற்றைக் கலக்கியது. லைனுக்கு ஒரே பாத்ரூம் கார்டு, அது கையில் இருப்பவர்தான் எழுந்து போகலாம். அக்கா தன் முறையையும் எனக்கே கொடுத்தார். மூன்றாம் நாள், "இன்னா மாத்திர போடுற?" என்றார். சொன்னேன். "வெறும் வயித்துல போடாத. டாக்டராண்ட வயிறு கலக்குதுன்னு சொல்லு." அதற்கு மேல் கேட்கவில்லை.

ஊசி உடைந்தால் நம் லைனில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாத் துண்டும் கிடைத்து, பேப்பரில் ஒட்டினால்தான் புது ஊசி. அன்று என் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். சூப்பர்வைசர் லைனை நிறுத்தி, காந்தத்தால் தரையெல்லாம் தேடினார். பிறகு எனக்கும் அக்காவுக்கும் பொதுவான நூல் டப்பாவைக் கவிழ்த்தார். பையை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அதில்தான் மாத்திரையை ஒளித்திருந்தேன். அட்டை மேஜையில் விழுந்தது.

"யாரோடது?"

நான் குனிந்து, சிதறிய நூல்கண்டுகளைப் பொறுக்கினேன்.

"என்னுது சார். சுகரு," என்றார் அக்கா.

ஊசி முனை என் ஏப்ரனிலேயே குத்திக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சர்க்கரை போடாத டீ. ஆற்காட்டிலிருந்து யார் மக்கன் பேடா கொண்டுவந்தாலும் டப்பா அக்காவைத் தாண்டிப் போகும். அக்காவுக்கு அது உயிர். நான் ஒன்று ஒளித்து வைத்துக் கொடுப்பேன். "உனக்குத் திருட்டு மாத்திர, எனக்குத் திருட்டு பேடா. நல்ல ஜோடிடி நாம," என்று சிரிப்பார்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு இன்னா, ரெண்டு புள்ள இருக்கு. சுகர்னு சொன்னா எவன் இன்னா பண்ணுவான்? உனக்கு நேரம் வரும்போது நீ சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அத்தை நம் பேக்கிங்கில்தான் இருக்கிறார். இந்த குரூப்பிலும் இருக்கிறார். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வார்த்தைதான். அந்த மாத்திரை என்னுது.

வேன் ஹாரன் அடிக்கிறது. உள்ளே எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வேறு வண்டி கிடையாது. போக வேண்டும்.